காக்கிக்குள் இருக்கும் குடிமகன்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6 அன்று மாவட்டத் தலைநகரங்களில் ஓர் எளிய அணிவகுப்பு நடைபெறும். காவல்துறை உயர் அலுவலர் ஒருவர் மரியாதையை ஏற்றுக்கொள்வார். ரத்த தான முகாமும், மரக்கன்று நடுதலும் இருக்கும். சிலருக்குச் சான்றிதழும் கேடயமும் வழங்கப்படும். மறுநாள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு பத்திச் செய்தி வெளிவரும். ஊர்க்காவல் படை நாள் அத்துடன் முடிந்துவிடும்.

ஆண்டின் பிற நாள்களில் அப்படையினரை நாம் பார்க்காமல் இல்லை. பார்த்தும் அடையாளம் காண்பதில்லை. தேரோட்டத்தின்போது வடத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே கைகோத்து நிற்பவர்கள், பண்டிகைக் காலத்துக் கடைவீதியில் இரவு பத்து மணிக்கும் வாகனங்களைத் திருப்பிவிடுபவர்கள், வாக்குச்சாவடி வாசலில் வரிசையைச் சீர்செய்பவர்கள் ஆகியோரில் பலர் காவலர்கள் அல்லர். உடை காக்கிதான்; தோளில் உள்ள எழுத்துகள் வேறு. மறுநாள் காலையில் அவர்களில் ஒருவர் மின்பணிக்குச் செல்வார்; ஒருவர் ஆட்டோ ஓட்டுவார்; ஒருவர் துணிக்கடையில் நிற்பார்.

1946 டிசம்பரில், கலவரங்கள் மலிந்த பம்பாயில் காவல்துறைக்குத் துணையாக உருவாக்கப்பட்டது ஊர்க்காவல் படை. 1962 சீனப் படையெடுப்புக்குப் பிறகு, ஆங்காங்கே இயங்கிவந்த தன்னார்வக் காவல் அமைப்புகளை ஒரே வடிவிலான படையாக்கும்படி மாநிலங்களை மத்திய அரசு கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டிலும் 1963 இல் இதற்கெனச் சட்டம் பிறந்தது. இன்று மாநிலத்தில் பெண்களும் உள்ளிட்ட சுமார் 16,000 பேர் இதில் இருக்கிறார்கள். பயிற்சியும் வாரக் கவாத்தும் உண்டு. பணிக்கு அழைக்கப்பட்ட நாளில் காவலருக்குரிய அதிகாரம் சட்டப்படி அவர்களுக்கு வந்துசேர்கிறது. பணி முடிந்ததும் அது விலகிவிடுகிறது. ஏட்டளவில் இவர்கள் தன்னார்வலர்கள். ஆகவே இவர்கள் பெறுவது ஊதியம் அன்று, 'படி'.

இந்தச் சொல் வேறுபாட்டில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பொருளியல் வகுப்பில் பொதுப் பண்டம் என்பதற்கு எடுத்துக்காட்டாகக் கலங்கரை விளக்கத்தைக் கூறுவது பழைய வழக்கம். அதன் ஒளியை ஒரு கப்பல் பயன்படுத்துவதால் இன்னொரு கப்பலுக்கு ஒளி குறைவதில்லை. கட்டணம் செலுத்தாத கப்பலை இருட்டில் விடவும் முடிவதில்லை. ஊரின் பாதுகாப்பும் அத்தகையதே. ஆனால், கலங்கரை விளக்கத்துக்கு உள்ள ஒரு வசதி ஊர்க்காவலருக்கு இல்லை. விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியும். ஊர்க்காவலர் உண்டாக்குவதோ நிகழாத ஒன்று. நெரிசல் ஏற்படவில்லை, குழந்தை தொலையவில்லை, இரண்டு கும்பல்கள் மோதிக்கொள்ளவில்லை. கும்பகோணத்தில் 1992 மகாமகத்தின்போது நேர்ந்த நெரிசலையும் அதில் பறிபோன உயிர்களையும் முப்பது ஆண்டுகள் கடந்தும் பேசுகிறோம். எந்த உயிரிழப்புமின்றி முடிந்த நூற்றுக்கணக்கான திருவிழாக்களைப் பற்றிப் பேச நமக்கு எதுவும் இருப்பதில்லை.

நாட்டுக் கணக்கும் இவர்களுக்கு உதவுவதில்லை. சந்தையில் விற்கப்படாத அரசுச் சேவைகளை நாட்டு வருமானக் கணக்கில் சேர்க்கும்போது, அவற்றை வழங்க ஆன செலவையே அவற்றின் மதிப்பாகக் கொள்கிறார்கள். ஆயிரம் ரூபாய் பெறும் ஒருவர் நாள் முழுவதும் செய்த காவலின் மதிப்பு ஆயிரம் ரூபாய். அதே காவலை அதே இடத்தில் ஒருவர் ஊதியமின்றிச் செய்தால் அதன் மதிப்பு சுழியம். தன்னார்வப் பணியும் உழைப்பின் ஒரு வடிவமே என 2013 இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியலாளர் மாநாடு ஏற்றுக்கொண்டது. இந்தியாவிலும் 2019 இல் நடத்தப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத் தன்னார்வப் பணிக்கு மக்கள் செலவிடும் நேரத்தைக் கேட்டறிந்தது. நேரம் கணக்கிடப்பட்டுவிட்டது, மதிப்பு இன்னும் வந்துசேரவில்லை.

மதிப்பு குறித்த கேள்வி நீதிமன்றத்தையும் எட்டியது. இமாசலப் பிரதேசம், பஞ்சாப், தில்லி ஊர்க்காவல் படையினர் தொடுத்த வழக்குகளில் 2015 மார்ச் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவர்களை நிரந்தரப் பணியாளர்களாக்க உத்தரவிட முடியாது என்றது நீதிமன்றம். அதே வேளையில், காவலர்கள் செய்யும் பணியை இவர்களும் செய்கிறார்கள் என்பதை ஏற்று, முப்பது நாள் படியைக் கூட்டினால் அது அம்மாநிலக் காவலரின் குறைந்தபட்ச ஊதியத்துக்கு நிகராக இருக்கும்படி நாள்படியை நிர்ணயிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

நியாயமான தீர்ப்பு. ஆயினும், நீதிமன்றம் ஒரு நாளின் விலையைத்தான் நிர்ணயித்தது. எத்தனை நாள் என்பதை நிர்ணயிக்கவில்லை. தமிழ்நாட்டில் நாள்படி 560 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முப்பதால் பெருக்கினால் 16,800 ரூபாய். ஆனால், முன்பு மாதத்தின் பெரும்பாலான நாள்களில் அழைக்கப்பட்டவர்களுக்கு, அழைப்புப் பணி மாதத்துக்கு ஐந்து நாள் என ஒரு கட்டத்தில் சுருக்கப்பட்டது. ஐந்து நாளுக்கு 2,800 ரூபாய். விலையை உயர்த்தினால் வாங்குபவர் அளவைக் குறைத்துக்கொள்வார் என்பது முதலாமாண்டு மாணவருக்கே தெரிந்த தேவை விதி. அரசும் அந்த விதிக்குக் கட்டுப்பட்ட வாங்குநராகவே நடந்துகொண்டது. இதில் யாரும் தீர்ப்பை மீறவில்லை. ஆனால், பயன் பெற வேண்டியவரின் கைக்கு வர வேண்டியது வரவில்லை.

"தன்னார்வலர்தானே, படி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியைப் புறந்தள்ள முடியாது. பணம் சில வேளைகளில் கடமையுணர்வைக் கெடுக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் வுல்ஃபென்ஷீசன் என்ற சிற்றூரில் அணுக்கழிவுக் கிடங்கு அமைக்கும் திட்டம் இருந்தது. அதை ஏற்பீர்களா என்று 1993 இல் மக்களிடம் கேட்கப்பட்டது. 50.8 விழுக்காட்டினர் ஏற்றனர். ஆண்டுதோறும் இழப்பீடு தருவோம் என்று சேர்த்துக் கேட்டபோது ஏற்றவர்கள் 24.6 விழுக்காடாகச் சரிந்தனர். நாட்டுக்காகச் சுமக்கும் சுமை, பணத்தைக் கண்டதும் பேரமாகத் தோன்றிவிட்டது என்று இதை ஆராய்ந்த புரூனோ ஃபிரேயும் அவருடைய இணை ஆய்வாளரும் விளக்கினர்.

எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தோன்றுவது, யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி ஆகியோர் 2000 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. இஸ்ரேலில் பள்ளி மாணவர்கள் வீடுவீடாகச் சென்று அறக்கொடைக்கு நிதி திரட்டும் வழக்கம் உண்டு. ஆய்வாளர்கள் மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு ஊக்க உரை மட்டும். மற்றொன்றுக்குத் திரட்டும் தொகையில் ஒரு விழுக்காடு. மூன்றாவதற்குப் பத்து விழுக்காடு. மிகுதியாகத் திரட்டியது ஏதும் பெறாத குழு. பத்து விழுக்காடு பெற்றவர்கள் அடுத்த நிலையில் வந்தனர். ஒரு விழுக்காடு பெற்றவர்களே கடைசி. கொடுத்தால் போதுமான அளவு கொடு, இல்லையேல் கொடுக்காதே என்பது அக்கட்டுரையின் தலைப்பின் சாரம். மிகச் சிறிய தொகை இரண்டு வகையிலும் கேடு செய்கிறது. பணி செய்பவரின் பெருமிதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடான வருவாயையும் தருவதில்லை.

இஸ்ரேலியப் பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையை ராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ வேலை தேடும் இளைஞர் மீது அப்படியே பொருத்திவிட முடியாதுதான். இந்தப் படையில் சேர்வோரில் சேவை மனத்தினர் உண்டு. சீருடை மீது ஆசை கொண்டவர்கள் உண்டு. என்றேனும் காவலர் தேர்வில் இது உதவும் என்று நம்பிக் காத்திருப்பவர்களும் உண்டு. பல மாநிலங்களில் காவலர் தேர்வில் இவர்களுக்கு ஒதுக்கீடு இருப்பதால் அந்நம்பிக்கை வீணானதும் அன்று. என்றாலும், மாதம் 2,800 ரூபாய் என்பது அந்த ஒரு விழுக்காட்டுக் குழுவின் நிலையைத்தான் நினைவூட்டுகிறது. தொண்டு என்று சொல்லிக்கொள்ள முடியாமலும், தொழில் என்று நம்பி வாழ முடியாமலும் நடுவில் நிற்கும் நிலை அது.

நம் முன்னோர் இந்தக் குழப்பத்துக்கு இடம் தரவில்லை. சோழர் கால கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற சொல் வருகிறது. ஊரைக் காக்கும் பொறுப்பும் அதற்கென ஊரார் செலுத்திய வரியும் அதில் அடங்கும். பிற்காலக் காவல் முறையில் காவல்காரர் விளைச்சலில் பங்கு பெற்றார். அவர் காவலில் இருந்த ஊரில் பொருள் களவுபோனால், அதை மீட்டுத்தர வேண்டும் அல்லது அதன் மதிப்பைத் தாமே ஈடுசெய்ய வேண்டும். காவலும் காப்பீடும் ஒரே கையில் இருந்த ஏற்பாடு அது! ஆனால், அதைப் பொற்காலமாக எண்ணி ஏங்க வேண்டியதில்லை. களவுபோன மாட்டை மீட்க உரியவர் 'துப்புக்கூலி' கொடுக்க வேண்டிய நிலையும், காவல் கூலி தராத ஊருக்குக் காவல்காரரே அச்சுறுத்தலாக மாறிய நிலையும் அதே முறையில் விளைந்தவைதாம். கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர்களின் காவல் உரிமைகளைப் பறித்தது. 1816 இல் கிராமத் தலைவரையும் தலையாரியையும் கொண்டு ஊர்க்காவலை மறுபடி அமைத்தது. 1859 இல் சென்னை மாகாணத்துக்கென ஒழுங்கான காவல்துறைச் சட்டம் வந்தது. பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980 இல் ஒழிக்கப்பட்டன. தலையாரி வருவாய்த்துறையின் கிராம உதவியாளரானார்.

காப்பவருக்கு எல்லை வகுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அறிய இத்தனை தொலைவு போக வேண்டியதில்லை. 1993 இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் அப்போதைய காவல் கண்காணிப்பாளர் பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'காவல் நண்பர்கள்' இயக்கம், காவல் நிலையத்துக்கும் மக்களுக்கும் இடையேயுள்ள அச்சத்தைக் குறைக்கும் நல்ல நோக்கத்துடன் பிறந்தது, மாநிலமெங்கும் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்தபோது, காவல் நண்பர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. இயக்கம் அதை மறுத்தது. அடுத்த மாதமே அரசு அவ்வமைப்பைத் தடைசெய்தது. ஊர்க்காவல் படைக்கு உள்ளதைப் போன்ற சட்டத்தின் வரையறை அதற்கு இல்லை. யார் உறுப்பினர், நிலையத்துக்குள் அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைத் தெளிவாகக் காட்ட ஒரு சட்டப் பிரிவு இருந்திருந்தால், தவறியவர் எவரேனும் இருப்பின் அவரைப் பிரித்தெடுத்துத் தண்டித்திருக்கலாம். கால் நூற்றாண்டு நல்லெண்ணம் ஒரே ஆணையில் கலைந்திருக்காது.

சத்தீஸ்கரில் நிகழ்ந்தது இதைவிடக் கொடியது. மாவோயிஸ்டுகளை எதிர்கொள்ள, பழங்குடி இளைஞர்களை மாதம் 3,000 ரூபாய் மதிப்பூதியத்தில் சிறப்புக் காவல் அலுவலர்களாக்கி, போதிய பயிற்சியின்றிக் கையில் துப்பாக்கியையும் கொடுத்தது அரசு. 2011 ஜூலை 5 அன்று உச்சநீதிமன்றம் அந்நடைமுறையை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்து நிறுத்தியது. முழுநேரக் காவலர் செய்ய வேண்டிய ஆபத்தான பணியை மலிவான பெயர் ஒன்றைச் சூட்டி ஏழை இளைஞரின் தலையில் ஏற்றலாகாது என்பதே அத்தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம். அங்கீகாரம் என்று நாம் சொல்வதில் எல்லையும் ஒரு பகுதி. வரையறுக்கப்பட்ட அதிகாரம் மக்களை மட்டும் காப்பதில்லை. அதை ஏந்தியவரையும் காக்கிறது.

பேரிடர்க் களத்தில் இந்த வினா வேறு வடிவில் வருகிறது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்தார்கள். ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். படகு ஒன்றுக்கு எரிபொருளும் நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் வழங்கப்படும் என்றும், சேதமடைந்த படகுகள் சீரமைக்கப்படும் என்றும் அரசு அறிவித்தது. உடன்பிறந்தாரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று மீனவ இளைஞர் ஒருவர் பொதுவெளியில் மறுத்தார். ஆனால், உடைந்த படகைச் சீரமைக்க உதவுவதாகச் சொன்னதை அவர் வரவேற்றார். சுவிட்சர்லாந்துச் சிற்றூரின் புள்ளிவிவரத்தைவிட அந்த மீனவ இளைஞரின் விடை எனக்குத் தெளிவாகப்படுகிறது. உயிரைக் காத்ததற்கு விலை வேண்டாம்; காக்கப்போனதால் நேர்ந்த இழப்பைத் தாமே சுமக்கவும் வேண்டாம். பின்னர், கேரள அரசு மீனவ இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கடலோரக் காவல் நிலையங்களில் 'கோஸ்டல் வார்டன்' என்ற பெயரில் ஒப்பந்தப் பணியில் அமர்த்தியது. அது தொண்டு அன்று, வேலை. அதற்கு ஊதியம்.

தமிழ்நாட்டிலும் வெள்ளம், புயல் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய 4,000-க்கும் மேற்பட்ட இடங்கள் அடையாளம் காணப்பட்டு, முதல்நிலை மீட்பாளர்களாக உள்ளூர் மக்கள் பெயர் பதிந்து பயிற்சி பெற்றிருக்கிறார்கள். கால்நடைகளைக் காக்க, விழுந்த மரங்களை அறுத்து அகற்ற எனத் தனித்தனிப் பட்டியல்கள் உள்ளன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டம் 2016 இல் 30 மாவட்டங்களில் 6,000 பேருடன் தொடங்கி, பின்னர் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்று விரிவாக்கப்பட்டது. அத்திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். பயிற்சியுடன் உயிர்காப்பு உடை, கயிறு, விளக்கு அடங்கிய உபகரணத் தொகுப்பும் காப்பீடும் தன்னார்வலருக்குச் சேர்த்தே தரப்படுகின்றன. மேடையில் போர்த்தப்படும் பொன்னாடை வெள்ளத்தில் மிதக்க உதவாது.

ஆக, எந்தப் பணி தொண்டு, எந்தப் பணி வேலை என்று பிரித்துப் பார்ப்பதே தேவை. பிரிப்பதற்கு எளிய அளவுகோல் இருக்கிறது. ஆண்டில் சில நாள் வரும் திருவிழா, எப்போதோ வரும் புயல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தல் ஆகியவை தொண்டுக்குரிய களங்கள். அங்கே பயணச் செலவு, உணவு, காப்பீடு, பறிபோன அன்றைய கூலிக்கான ஈடு ஆகியவை போதும். மாறாக, அதே சாலைச் சந்திப்பில் அதே நேரத்தில் நாள்தோறும் ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறது என்றால், அது காலிப்பணியிடம். காலிப்பணியிடத்தைத் தன்னார்வலரைக் கொண்டு நிரப்புவது அரசுக்குச் சிக்கனமாகத் தெரியும். உண்மையில் அது அந்த மனிதரிடமிருந்து வாங்கும் கடன்.

செலவு தாங்காது என்ற வாதத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16,000 பேரை மாதத்தில் ஒரு நாள் கூடுதலாக அழைத்தால், 560 ரூபாய் வீதம் 89.60 லட்சம் ரூபாய். ஐந்து நாள் கூடுதலாக அழைத்தால், மாதத்துக்கு 4.48 கோடி, ஆண்டுக்கு 53.76 கோடி. மாநிலக் காவல்துறைக்கான ஆண்டு ஒதுக்கீடு 10,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதில் இது அரை விழுக்காட்டை ஒட்டிய தொகை. படையை எழுப்பவும் பயிற்சியளிக்கவும் ஆகும் செலவில் ஒரு பங்கை மத்திய அரசும் ஈடுசெய்கிறது.

பதிவேடும் தேவை. வான்வழிப் போக்குவரத்தில் விபத்துகளை மட்டும் பதிவதில்லை. விபத்தாகாமல் தப்பிய நிகழ்வுகளையும் பதிகிறார்கள். திருவிழாப் பணி முடிந்ததும், பெற்றோரிடம் சேர்க்கப்பட்ட குழந்தைகள் எத்தனை, மயங்கி விழுந்து முதலுதவி பெற்றவர்கள் எத்தனை, எந்த முனையில் கூட்டம் நெருங்கி எப்படித் திருப்பிவிடப்பட்டது என்று ஒரு பக்கம் எழுதிவைக்க ஊர்க்காவல் படையின் வட்டாரத் தளபதிக்கு அரை மணி நேரம் போதும். அடுத்த ஆண்டு தடுப்பு எங்கே வைப்பது என்று திட்டமிடவும் அது உதவும். குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் ஊர்க்காவல் படையினருக்குக் குடியரசுத் தலைவர் பதக்கங்கள் அறிவிக்கப்படுகின்றன. யாருக்கு, எதற்காக என்பதற்கு உயர் அலுவலரின் பரிந்துரையைவிட அந்தப் பதிவேடு நம்பத்தக்க சான்றாக அமையும்.

பலரும் கருதாத இன்னொன்று, இவர்களுடைய அன்றாட வேலை. அழைப்பு வந்த நாளில் கடை முதலாளியிடமோ பட்டறை உரிமையாளரிடமோ விடுப்புக் கேட்க வேண்டும். "அடிக்கடி போவதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொல்லிவிட்டால், சீருடையை மடித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பகுதிநேரமாக நாட்டுக்குப் பணிபுரியும் பிராந்திய ராணுவத்தினருக்கு இந்த இக்கட்டை 1948 ஆம் ஆண்டுச் சட்டமே முன்னுணர்ந்தது. ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவர் திரும்பி வரும்போது அவரை அதே வேலையில் மீண்டும் அமர்த்த வேண்டியது முதலாளியின் கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. எல்லையில் நிற்பவருக்கு அன்று எழுதப்பட்ட அந்த உறுதியை, தேர்வடத்தின் ஓரத்தில் நிற்பவருக்கும் நடைமுறையில் கிடைக்கச் செய்ய அரசுக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. ஊர்க்காவல் படை விதிகளில் சில வரிகளும், அவற்றைக் கேட்டு நடைமுறைப்படுத்தத் தொழிலாளர் துறையில் ஓர் அலுவலரும் போதும்.